நாளுக்கு 11 நிமிடம் முந்திய ஒரு ஜனதா வாட்ச்: நிகழ்வு ஆய்வு

சாவி கொடுக்கிற எச்எம்டி ஜனதா, 17 ஜுவல், வெள்ளை டயல். ஒரு நாளைக்கு 11 நிமிடம் முந்துகிறது. இதுதான் கேஸ். கேட்க ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசியான ரெகுலேட்டரைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் முடிந்தது என்று வாட்ச் வேலை தெரிந்தவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். அப்படித் தள்ளித் தள்ளித்தான் இந்த வாட்ச் இந்த நிலைக்கு வந்தது. வீட்டில் பழைய வாட்ச் வைத்திருக்கிறவர்களுக்கும் புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்களுக்கும் உதவும் என்றுதான் முழுசாக எழுதிவைக்கிறேன்.

பங்குனி மாதம் ஒரு தம்பி இதைக் கடைக்குக் கொண்டுவந்தார். வாட்ச் அவருடைய தாத்தாவுடையது. தாத்தா மதுரையில் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர், ஹார்விபட்டியில் குடியிருந்தவர். சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் இருந்தாக வேண்டிய வேலை என்பதால் குளிக்கும்போது மட்டும்தான் வாட்ச் அவர் கையைவிட்டு இறங்கும் என்று பேரன் சொன்னார். அவர் காலமான பிறகு பீரோவில் கிடந்திருக்கிறது. பேரன் எடுத்துச் சாவி கொடுத்ததும் ஓடியது, நேரமும் ஓரளவு சரியாகவே காட்டியது. கொஞ்ச நாள் கையில் கட்டிய பிறகுதான் முந்த ஆரம்பித்தது.

“மொதல்ல பதினாறு நிமிஷம் பாஸ்ட்டாப் போச்சுண்ணே. ஒரு கடையில குடுத்தேன், பதினொண்ணாக் கொறச்சுத் தந்தாங்க. திரும்பக் கொண்டுபோனா, இதுக்கு மேல தள்ள எடமில்ல, பழைய வாட்சு அப்படித்தான் ஓடும்னுட்டாங்க.”

அவர் சொன்னதிலேயே நோயின் பாதிக் கதை இருக்கிறது. பீரோவில் இருந்து எடுத்தபோது சரியாக ஓடியது. கையில் கட்ட ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. ரெகுலேட்டர் கடைசி வரை போயும் போதவில்லை. வாட்சைத் திறப்பதற்கு முன்னால் கொண்டுவந்தவரைப் பேசவிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

திறந்து பார்த்தது

பின்மூடியைக் கழற்றினால் உள்ளே நல்ல மெஷின். இதைச் சொல்லக் காரணம் உண்டு. இன்று ஜனதா என்று விற்கிறவற்றில் பல, டயலுக்கு மறுபூச்சு அடித்து, நாலு வாட்சின் பாகங்களை ஒன்றாகப் போட்டுக் கட்டியவை. இது அப்படி இல்லை. டயல், முள், மெஷின் எல்லாம் ஒரே வயசு, ஒரே தேய்மானம். ஆயில் காய்ந்து பழுப்பாகிவிட்டது, துரு இல்லை. ரெகுலேட்டர் ஊசி மெதுப் பக்கத்தின் கடைக்கோடியில் முட்டி நின்றது.

டைமிங் மெஷினில் வைத்தேன். அது வாட்சின் டிக் சத்தத்தை மைக்கில் கேட்டுக் கணக்குப் போடும் கருவி. ஜனதா மணிக்கு 18,000 அடி அடிக்கும், அதாவது வினாடிக்கு 5. அந்த அடி எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று கருவி திரையில் கோடாகப் போடும். டயல் மேலே பார்த்தபடி வைத்தபோது நாளுக்கு 660 வினாடி கூடுதல். டயல் கீழே பார்த்தபடி 705. சாவித் திருகு கீழே இருக்கும்படி நிறுத்தினால் 590. கோடு நேராக வராமல் புள்ளிகள் சிதறின. ஆம்பிளிட்யூட், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் ஒரு வீச்சில் எத்தனை டிகிரி திரும்புகிறது என்ற அளவு, முழுச் சாவி கொடுத்தும் 190 பக்கத்தில்தான் நின்றது. நல்ல நிலையில் உள்ள வாட்சில் 260, 270 இருக்க வேண்டும்.

முந்துவதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? முதலாவது ரெகுலேட்டர் தவறாக வேகப் பக்கம் போயிருப்பது. இங்கே நேர் எதிராக இருக்கிறது, அதனால் அது இல்லை. சாவி கொடுத்ததும் விசை தரும் மெயின் ஸ்பிரிங் தேவைக்கு மேல் பலமாக இருந்தால் பேலன்ஸ் வீல் ஒரு முழுச் சுற்றுக்குப் பக்கமாகத் திரும்பி, தன்னைத் தட்டிவிடும் லிவரில் வெளிப்புறமாக இடித்துக்கொள்ளும், அப்போதும் கண்டபடி முந்தும். 190 டிகிரியில் ஓடும் வாட்சுக்கு அந்தப் பேச்சே கிடையாது. பேலன்ஸ் வீலை ஆட்டித் திருப்பும் மயிரிழைச் சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் ஒரு சுற்று எகிறிப்போய் ரெகுலேட்டர் பின்னில் மாட்டியிருக்கலாம். கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்தேன், மாட்டவில்லை. மிச்சம் இரண்டு: ஹேர்ஸ்பிரிங்கில் ஆயில் பட்டுச் சுற்றுகள் ஒட்டுவது, அல்லது காந்தம் ஏறி அவை ஒட்டுவது.

லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நல்ல ஹேர்ஸ்பிரிங் விரிந்து சுருங்கும்போது எல்லாச் சுற்றுக்கும் நடுவில் இடைவெளி ஒரே சீராக இருக்கும். இதில் ஒரு பக்கம் வெளிச்சுற்றுகள் இரண்டு, சுருங்கும் நேரத்தில் ஒன்றோடொன்று தொட்டு, ஒரு கணம் ஒட்டி நின்று, பிறகு பட்டென்று பிரிந்தன. வேகம் கூடுவதற்கு அந்த ஒரு கணம் போதும். கணக்குப் போட்டால் புரியும்: ஒரு நாளைக்கு 86,400 வினாடி, அதில் 660 என்பது நூற்றுக்கு முக்கால். சுற்றுகள் ஒட்டினால் ஸ்பிரிங் குட்டையானதற்குச் சமம்; குட்டையானால் விறைப்பு கூடும், விறைப்பின் வர்க்கமூலப்படி வேகம் கூடும். ஆகவே ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் நூற்றுக்கு ஒன்றரை குறைந்தாலே நாளுக்கு 11 நிமிடம் ஓடிவிடும். மொத்த ஸ்பிரிங்கும் கெட வேண்டியதில்லை.

ஏன் எல்லாம் அந்த ஸ்பிரிங்கில் வந்து நிற்கிறது

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் கைக்கடிகாரத்தின் வரலாறே பெரும்பாலும் இந்த ஒரு கம்பியின் வரலாறுதான். 1500களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பர்கில் பீட்டர் ஹென்லைன் போன்றவர்கள் சுமந்து செல்லும் கடிகாரங்களைச் செய்தார்கள். மெயின் ஸ்பிரிங் இருந்தது, ஹேர்ஸ்பிரிங் இல்லை. அதனால் தள்ளுவதற்கு விசை இருந்தது, அந்த விசையைச் சம அளவாக வெட்டித் தர ஆள் இல்லை. ஒரு நாளில் கால் மணி, அரை மணி தப்பும், பெரும்பாலானவற்றில் மணி முள் ஒன்றுதான் இருக்கும், நிமிட முள் வைத்தாலும் பயன் இல்லை. 1656இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பெண்டுலக் கடிகாரத்தை வடிவமைத்தார். சுவருக்கு அது போதும், சட்டைப் பைக்குள் பெண்டுலம் ஆடுமா? அதே ஹைகன்ஸ் 1675இல் பேலன்ஸ் வீலோடு சுருள் ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தார். அந்த யோசனை தனக்கு முன்பே வந்தது என்று இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் சண்டைக்கு நின்றார். யாருடையதாக இருந்தாலும், சட்டைப் பைக் கடிகாரத்தின் பிழை ஒரே பாய்ச்சலில் சில நிமிடங்களாகக் குறைந்து, நிமிட முள் வழக்கத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு இருநூறு ஆண்டு, அந்த எஃகு ஸ்பிரிங்கின் குணக்கேடுகளோடு போராட்டம். வெப்பம் ஏறினால் எஃகு தளர்ந்து கடிகாரம் பிந்தும். ஜான் ஹாரிசன் இரண்டு உலோகப் பட்டையைச் சேர்த்து அதைச் சமாளித்தார்; அவருடைய எச்4 கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறி, 81 நாளில் சுமார் 5 வினாடிதான் பிந்தியது. கப்பல் நடுக்கடலில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்த கடிகாரம் அது. பிறகு சார்லஸ் எட்வார்ட் கியோம் என்ற ஸ்விஸ் விஞ்ஞானி நிக்கலும் இரும்பும் சேர்ந்த கலவைகளில் இறங்கினார், 1896இல் இன்வார், அதைத் தொடர்ந்து எலின்வார். வெப்பத்துக்கு விறைப்பு மாறாத ஸ்பிரிங் அதிலிருந்துதான் வந்தது. 1920இல் அவருக்கு இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். வாட்சுக்குள் இருக்கும் ஒரு மயிர்க் கம்பியில் நோபல் பரிசு பெற்றவரின் வேலை இருக்கிறது என்பது, அதைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

காந்தம் கடைசியாக வந்த எதிரி. மின்சார டைனமோவும் மோட்டாரும் பெருகிய பிறகுதான் அது தினசரித் தொல்லையானது. அவற்றின் பக்கத்தில் வேலை பார்த்தவர்களின் பைக் கடிகாரங்கள் ஓடாமல் நின்றுவிடும். அந்தக் காலத்திலேயே பல்லேடியம் கலவையில் ஹேர்ஸ்பிரிங் செய்து பார்த்தார்கள். முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்குப் பையில் கைவிட்டு நேரம் பார்க்க வழியில்லாமல் கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது, அதுவரை ஆண்கள் அதைப் பெண்களின் நகை என்று தள்ளிவைத்திருந்தார்கள். மணிக்கட்டுக்கு ஏறியதும் கை தொடும் எதுவும் வாட்சுக்குப் பக்கம் என்றாகிவிட்டது. 1930இல் டிசோ என்ற ஸ்விஸ் கம்பெனி காந்தம் தாங்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950களில் மெஷினைச் சுற்றி மென்னிரும்பு உறை போட்ட வாட்ச்கள் வந்தன, ரோலெக்ஸ் மில்காஸ் அதில் ஒன்று, 1,000 காஸ் (காந்தப் பலத்தின் அளவு) வரை தாங்கும் என்றுதான் அந்தப் பெயர். இப்போது சிலிக்கானில் ஹேர்ஸ்பிரிங் செய்கிறார்கள், அதற்குக் காந்தமே ஏறாது. ‘காந்தம் தாங்கும்’ என்று எழுதிக்கொள்ள உலகத் தரக்கட்டுப்பாடு கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், தோராயமாக 60 காஸ். அதில் வைத்து எடுத்த பிறகு நாளுக்கு 30 வினாடிக்கு மேல் வேகம் மாறக் கூடாது. இன்று வீட்டில் புழங்கும் சின்னக் காந்தத்தைத் தொட்டுக்கொண்டு வைத்தால் அந்த 60ஐச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஜனதா சாதாரண மனிதருக்காகச் செய்த வாட்ச். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்தது, முதல் வாட்ச்களை வெளியிட்டவர் நேரு. அதுவரை கையில் வாட்ச் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்விஸ் சரக்குத்தான். மில் தொழிலாளியும் வாத்தியாரும் வாட்ச் கட்டியது இதற்குப் பிறகுதான். 2016இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனால் மதுரையில் எத்தனையோ வீட்டு பீரோக்களில் ஜனதா இன்னும் இருக்கிறது, சாவி கொடுத்தால் ஓடுகிறது. அதை ‘பழைய வாட்சு, அப்படித்தான்’ என்று தள்ளுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

காந்தமா, ஆயிலா

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சின்னத் திசைகாட்டி போதும். ஓடும் வாட்சின் பக்கத்தில் அதை வைத்தேன். முள் வாட்சின் பக்கம் இழுத்தது. இழுப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, சும்மா இரும்பும் முள்ளை இழுக்கும். வாட்சை அதே இடத்தில் மெல்லத் திருப்ப வேண்டும். காந்தம் ஏறாத எஃகு என்றால் முள்ளின் எந்த முனையையும் இழுக்கும், தள்ளாது. இந்த வாட்ச் ஒரு பக்கம் இழுத்து, திருப்பியதும் முள்ளைத் தள்ளியது. கூர்ந்து பார்த்தால் பேலன்ஸ் வீலின் அடிக்கு ஏற்ப முள் நடுங்குவதும் தெரிந்தது. காந்தம்தான்.

முதலில் பார்த்த கடையின் ஸ்க்ரூ டிரைவரிலிருந்து ஏறியதோ என்று யோசித்தேன். பல கடைகளில் ஆணி எடுக்க வசதி என்று கருவியில் காந்தம் ஏற்றியே வைத்திருப்பார்கள், அது வாட்சுக்கு ஆகாது. ஆனால் கடைக்குப் போகும் முன்னாலேயே 16 நிமிடம் முந்தியது என்பதால் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அவர்கள் செய்த தப்பு வேறு: காரணம் பார்க்காமல் ரெகுலேட்டரைத் தொட்டது. காந்தத்தின் வேகத்தை ரெகுலேட்டரால் இழுத்துப்பிடித்தால், காந்தம் போன அன்று வாட்ச் அதே அளவுக்குப் பிந்தும்.

அப்படித்தான் ஆனது. காந்தம் இறக்கும் கருவி என்பது உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு பெட்டி. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழன்று திசை மாறுவதால் காந்தப்புலமும் மாறி மாறிப் புரளும். வாட்சை அதில் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே கையை நீட்டி மெதுவாக விலக்கிக்கொண்டே போனால், புரட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து எஃகில் எந்தத் திசையும் தங்காமல் போகும். கை முழுசாக விலகிய பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால், அந்தக் கணத்தில் இருந்த புலம் அப்படியே பதிந்து, முன்பைவிட மோசமாகும். இந்த ஒரு விஷயத்தைப் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இறக்கிய பிறகு அதே டைமிங் மெஷின், அதே டயல் மேல் நிலை: நாளுக்கு 310 வினாடி குறைவு. அதாவது 11 நிமிடம் முந்திய வாட்ச் இப்போது 5 நிமிடம் பிந்துகிறது. 660ம் 310ம் சேர்த்தால் 970 வினாடி, ஏறக்குறைய 16 நிமிடம். அந்தத் தம்பி முதலில் சொன்ன கணக்கு அப்படியே வந்துவிட்டது. இதைவிடத் தெளிவான சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

அப்புறம் முழு சர்வீஸ். மெஷினைப் பிரித்துக் கழுவி, மெயின் ஸ்பிரிங்கைத் துடைத்துப் பார்த்தேன்; நல்ல நிலையில் இருந்ததால் அதையே போட்டேன். ஹேர்ஸ்பிரிங்கை மட்டும் மற்ற பாகங்கள் ஊறிய ஒயிட் பெட்ரோலில் போட மாட்டேன், அதில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் சுற்றுகளில் ஒட்டினால் காந்தம் செய்த அதே வேலையை அது செய்யும். புதிதாக ஊற்றிய சுத்தமான திரவத்தில் தனியாகத்தான் அலசுவேன். ரெகுலேட்டரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஆம்பிளிட்யூட் 265க்கு ஏறியது. டயல் மேலே 9 வினாடி கூடுதல், டயல் கீழே 4 கூடுதல், நிறுத்தி வைத்தால் 12 குறைவு. கையில் கட்டினால் நாளுக்குப் பத்து வினாடிக்குள் நிற்கும். ஜனதாவுக்கு இது அருமையான ஓட்டம்.

ஒரு வார்த்தை, எதோடு ஒப்பிட்டு இந்த வினாடிக் கணக்கு என்று. இப்போது எல்லாருக்கும் செல்போன்தான் நேரம். தாத்தாவுக்கு மில் சங்கும் ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பீப்பும். அதற்கும் முன்னால், 1875இல் மதுரைக்கு ரயில் வந்த காலத்தில், ரயில்வே ஓடியது மெட்ராஸ் நேரத்தில். மெட்ராஸ் வானாய்வகத்தை வைத்துக் குறித்த நேரம் அது, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேர வித்தியாசம் உள்ள இந்திய நேரம் வந்தது. அது 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம், மதுரை இருப்பது 78.1 பாகையில். நம்ம ஊர் உச்சிவெயில் சராசரியாகப் பகல் 12 மணி 17 நிமிட வாக்கில்தான் வரும்.

திரும்பி வந்தது

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு, அந்தத் தம்பி மறுபடி வந்தார். “அண்ணே, மறுபடி நாலு நிமிஷம் முந்துதுண்ணே.” திசைகாட்டி மறுபடி அதே ஆட்டம். வேலையில் குறை இல்லை, வாட்ச் புதிதாகக் காந்தம் வாங்கியிருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை வாட்ச் எங்கெங்கே இருக்கும் என்று உட்காரவைத்துக் கேட்டேன். ஆபீஸில் கம்ப்யூட்டர், வண்டி, வீட்டில் டிவி, எல்லாம் தூரம். ராத்திரி எங்கே கழற்றி வைப்பீர்கள் என்றதும் பதில் வந்தது.

“செல்லு மேலதாண்ணே. காலையில ரெண்டையும் சேத்து எடுத்துக்கலாம்ல, மறக்காது.”

செல்லைக் காட்டச் சொன்னேன். புத்தகம் மாதிரி மூடுகிற தோல் உறை, மூடியில் பட்டென்று ஒட்டிக்கொள்ளும் காந்தப் பட்டன். திசைகாட்டியை மேஜையில் வைத்து உறையை மெல்ல நகர்த்தினேன். ஒரு சாண் தூரத்திலேயே முள் திரும்ப ஆரம்பித்தது, பக்கத்தில் வந்ததும் சுழன்றுபோய் அதையே பார்த்து நின்றது. ராத்திரி முழுக்க அந்தப் பட்டன் மேல் வாட்ச் படுத்திருந்திருக்கிறது. பீரோவில் இருந்தவரை ஏன் நன்றாக ஓடியது என்பதற்கும் விடை கிடைத்தது.

காந்தம் தூரத்துக்குப் பயந்தது. சின்னக் காந்தத்தின் பலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும், தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும், வேறு கவசம் எதுவும் தேவையில்லை. வாட்சுக்கு மறுபடி காந்தம் இறக்கினேன், ரெகுலேட்டரைத் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை; டயல் மேலே அதே 9 வினாடி வந்தது. இப்போது வாட்ச் அலமாரியில், செல் ஜன்னலோரம்.

இதே அறிகுறியோடு வருகிறவர்களிடம் நான் கேட்பவை: மூடி ஒட்டும் செல் உறை, ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹேண்ட்பேக்கின் காந்தப் பட்டன், பிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மை, சில டேப்லெட் உறைகள். பேட்டரி வாட்சுக்கு இது வேறு மாதிரி. டைட்டன் ஓசூரில் செய்ய ஆரம்பித்த பிறகு நம்ம ஊரில் பரவியதெல்லாம் குவார்ட்ஸ். அதில் நேரத்தை அளப்பது வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம், காந்தத்தால் அதன் வேகம் மாறாது. முள்ளை நகர்த்தும் சின்ன மோட்டார்தான் காந்தத்தின் பக்கத்தில் தடுமாறி நிற்கும், விலக்கினால் மறுபடி ஓடும், நேரத்தைத் திருத்தினால் சரி. ஆகவே பேட்டரி வாட்ச் ராத்திரி மட்டும் நின்று காலையில் ஓடினால் பேட்டரியை மாற்றும் முன் அது எதன் மேல் இருந்தது என்று பாருங்கள்.

சாவி வாட்ச் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் கடையில் முதல் வேலையாகத் திசைகாட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரைத் தொடும் முன் அது எங்கே நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்து பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. இந்த ஜனதாவில் மிச்சம் இருக்கும் வேலை கண்ணாடி மாற்றுவது ஒன்றுதான். தாத்தா காலத்துக் கீறல் இருக்கட்டும் என்று பேரன் சொல்லிவிட்டதால் அதையும் விட்டுவிட்டேன்.